சபை சோர்ந்துபோனால் எங்கே பார்ப்பது? மெதடிஸ்த சபைகளுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

சபையில் ஆள் குறைகிறது என்று பேச்சு எழுந்தவுடன் நமது கூட்டங்களில் முதலில் வரும் யோசனை, நல்ல பிரசங்கியார் ஒருவரைக் கூப்பிட்டு மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் வைப்போம் என்பதுதான். பந்தல் போடுகிறோம், ஒலிபெருக்கி கட்டுகிறோம், மூன்றாம் இரவு பலர் கண்ணீரோடு முன்னால் வருகிறார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அதே வாங்குகள் வெறுமையாகக் கிடக்கின்றன.

மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1763இல் வேல்ஸின் பெம்புரோக்ஷயரில் இதையே கண்டார். அங்கே பல வருடம் நல்ல பிரசங்கம் நடந்திருந்தது. ஆனால் விழித்தெழுந்தவர்களைச் சேர்த்து நடத்த ஒழுங்கான சங்கங்கள் இருக்கவில்லை. பத்தில் ஒன்பது பேர் முன்னையிலும் ஆழ்ந்து உறங்கிவிட்டார்கள் என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். அப்போஸ்தலன்போலப் பிரசங்கித்தாலும், கேட்டவர்களை ஒன்றுசேர்த்து தேவனுடைய வழியில் பழக்காவிட்டால் அது பிள்ளைகளைப் பெற்றுக் கொலைகாரன் கையில் கொடுப்பதற்குச் சமம் என்பது அவர் தீர்ப்பு. மெதடிஸ்தராகிய நாம் இந்த வரியை மறந்தது எனக்குப் பெரிய துக்கம்.

இங்கே எழுதுவது இலங்கையின் வடக்கு கிழக்குச் சபைகளை மனதில் வைத்து. மலையகத்திலோ கொழும்பிலோ இருப்பவர்கள் தங்கள் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

அங்கத்தவர் பதிவேட்டை எடுங்கள். மூன்று பேர் உட்காருங்கள்: ஊர் வீடுகளை எல்லாம் அறிந்த வயதானவர் ஒருவர், வீடு சந்திக்கப் போய்வரும் பெண் ஒருவர், இருபது வயதுக்காரர் ஒருவர். ஒவ்வொரு பெயருக்கும் நேரே மூன்று விடயங்களை எழுதுங்கள். இவர் இப்போது எங்கே இருக்கிறார்? சபையிலிருந்து யாராவது இவர் வீட்டில் கடைசியாக எப்போது இருந்து கதைத்தார்கள்? போனது யார்?

மூன்றாவது நிரலை மேலிருந்து கீழே பாருங்கள். அநேக சபைகளில் அதில் "ஐயா" என்ற ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வரும். குருவானவர் மட்டும் போயிருக்கிறார். மீதி வெற்றிடம். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்குமேல் அந்த நிரலில் இருந்துதான் புறப்படுகின்றன.

அறிகுறி: ஆராதனைக்கு வருகிறவர்கள் வருடாவருடம் குறைகிறார்கள்

குறைந்த தொகையை ஒன்றாகப் பார்க்காதீர்கள். பிரித்துப் பாருங்கள்.

வெளிநாடு போனவர்கள் ஒரு பகுதி. இதைச் சபையின் தோல்வியாக எண்ணிச் சோர வேண்டியதில்லை. யுத்தமும் அதற்குப் பின் வந்த வாழ்க்கையும் செய்த வேலை இது. அவர் டொரன்டோவிலோ லண்டனிலோ ஒரு சபையில் சேர்ந்திருந்தால் அங்கத்துவத்தை மாற்றிக் கடிதம் அனுப்புங்கள், பதிவேடு உண்மையாக இருக்கட்டும். ஆனால் பிள்ளைகள் எல்லாரும் போய்விட, ஊரில் மிஞ்சிய தாய் தகப்பனைப் பாருங்கள். பின்னேரம் ஆறு மணிக்கே கேற்றைப் பூட்டிக்கொண்டு தொலைபேசியைப் பார்த்தபடி இருக்கிறவர்கள் அவர்கள். உங்கள் முதல் சந்திப்பு அந்த வீடுகளாக இருக்கட்டும்.

நடக்க முடியாதவர்கள் இன்னொரு பகுதி. "கோயிலுக்கு வர மனமில்லாமலில்லைத் தம்பி, படியேறக் காலில்லை" என்கிற அம்மாவுக்கு எழுப்புதல் கூட்டம் தேவையில்லை. ஞாயிறு காலையில் ஓட்டோவும், படிக்குப் பக்கத்தில் கைபிடிக்க ஒரு கம்பியும், வரவே இயலாத மாதத்தில் வீட்டுக்குத் திருவிருந்தும் தேவை. ஒரு மாதக் காணிக்கையில் சிறு பங்கோடு முடியும் காரியம்.

மனத்தாங்கலில் நின்றுவிட்டவர்கள் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மீதமிருப்பவர்கள்தான், என் கணிப்பில், பெரிய தொகை: எந்தக் காரணமும் இல்லாமல் மெல்ல விலகியவர்கள். ஒரு கிழமை காய்ச்சல், மறு கிழமை கலியாணவீடு, மூன்றாம் கிழமை அலுப்பு. நான்காம் கிழமையும் யாரும் தேடி வரவில்லை. தான் இல்லாததை ஒருவரும் கவனிக்கவில்லை என்று அவர் கண்டுகொண்ட நாளோடு காரியம் முடிந்துபோகிறது.

இவர்களுக்கான மருந்து மெதடிஸ்தருக்குப் புதியதல்ல. அது வகுப்புக் கூட்டம். வெஸ்லியின் சங்கங்களில் ஒவ்வொருவரும் ஏறக்குறைய பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு வகுப்பில் இருந்தார்கள். வகுப்புத் தலைவர் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொருவரையும் கிழமைக்கு ஒருமுறை கண்டு, அவருடைய ஆத்துமா எப்படியிருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். நமது வீடுகளுக்கு ஏழெட்டுப் பேர் போதும்.

தொடங்கும் முறை:

அயலிலுள்ள ஏழெட்டுப் பேரைச் சேருங்கள். உறவினர் மட்டும் ஒரு வகுப்பாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிழமையில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரு வீட்டு விறாந்தையில். ஒரு கீர்த்தனை, ஒரு சிறு வேதபகுதி, பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "இந்தக் கிழமை கர்த்தரோடு உங்கள் நடை எப்படியிருந்தது?" முடிவில் ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பது. பிரசங்கம் கிடையாது. வெறும் தேநீர் போதும். பலகாரம் தொடங்கினால் அடுத்த வீட்டுக்கு அது பாரமாகும், அதற்கு வசதியில்லாதவர் தன் வீட்டுக்கு முறை வரும்போது சாட்டுச் சொல்லத் தொடங்குவார்.

முதல் கிழமைகளில் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "கர்த்தருடைய கிருபையால் நல்லாயிருக்கிறன்." தடை உடைய வேண்டுமானால் தலைவர் முதலில் உண்மை பேச வேண்டும். எங்கள் வகுப்பில் தலைவர் ஒருநாள், "மகனோட கோபம். மூண்டு நாளா ஜெபிக்கவே இல்லை" என்றார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மூலையில் இருந்த அக்கா, "எனக்கும் அப்படித்தான் அண்ணை. மருமகளோட கதைச்சு ஒரு மாதம்" என்றார். வகுப்பு உண்மையில் தொடங்கியது அன்றைக்குத்தான்.

வகுப்பில் கேட்டது வகுப்போடு நிற்க வேண்டும். குருவானவரிடமும் போகக்கூடாது, வாட்ஸ்அப் குழுவுக்கும் போகக்கூடாது. கடைசிப் பகுதியில் சொல்லும் காரியங்கள் மட்டும் இதற்கு விலக்கு. இது ஒருமுறை மீறப்பட்டால் அந்த வகுப்பைத் திரும்ப எழுப்புவது மிகக் கஷ்டம்.

தலைவராக யாரைப் போடுவது? பேச்சு வல்லவரைத் தேடாதீர்கள். கேட்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். பல இடங்களில் அது ஒரு பெண்ணாக இருக்கும், தயங்க வேண்டாம். 1761இல் இங்கிலாந்தின் டார்பியில் சாரா குரொஸ்பி என்ற வகுப்புத் தலைவி முப்பது பேரை எதிர்பார்த்துப் போக, இருநூறு பேரளவில் வந்து நின்றார்கள். ஒவ்வொருவரோடும் தனித்தனியாகப் பேச முடியாதென்று எல்லாருக்கும் முன்னால் எழுந்து புத்தி சொன்னார். வெஸ்லி அவரைத் தடுக்கவில்லை.

அறிகுறி: புதியவர்கள் வருகிறார்கள், மூன்றாம் கிழமை காணவில்லை

ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கி, பெயர் எழுதும் துண்டு கொடுப்பதோடு நமது உபசரிப்பு முடிந்துவிடுகிறதா என்று பாருங்கள். பிறகு நாம் நமது உறவினரோடு கூடி நின்று கதைக்கிறோம், அவர் தனியே செருப்பைத் தேடுகிறார்.

அந்தக் கிழமைக்குள் ஒரு குடும்பம் அவரைத் தேநீருக்கு அழைக்க வேண்டும். குருவானவர் அழைத்தால் போதாது, அது அவர் கடமை என்று வருகிறவருக்குத் தெரியும்.

சைவக் குடும்பங்களிலிருந்து தேடலோடு வருகிறவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். வீட்டில் அவருக்கு என்ன நெருக்கடி இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. அவர் படத்தை எடுத்து முகநூலில் போடாதீர்கள். சாட்சி சொல்லச் சொல்லி மேடைக்கு இழுக்காதீர்கள். உதவிப் பொதிக்கும் ஞானஸ்நானத்துக்கும் ஒரு நூலளவு தொடுப்பும் இருக்கக்கூடாது. அயலவர் சந்தேகம் ஒரு பக்கம் இருக்கட்டும், தேவனிடம் வருகிற ஒரு மனிதனுக்கு நாம் செய்யும் அவமதிப்பு அது.

அறிகுறி: ஓய்வுநாள் பாடசாலை நிறைந்திருக்கிறது, வாலிபர் இல்லை

ஞாயிறு ரியூசனைப் பலர் குற்றம் சாட்டுவார்கள். அது உண்மையான இடைஞ்சல்தான். க.பொ.த. வகுப்பு ஞாயிறு காலை எட்டு மணிக்கென்றால் பிள்ளை என்ன செய்யும்? சபையாக ரியூசன் நிலையத்தோடு பேசிப் பாருங்கள், மற்றச் சபைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரை அந்தப் பிள்ளைகளுக்குச் சனி பின்னேரம் ஒரு கூடுகை வையுங்கள். காலை ஆராதனைக்கு வராதவர் பெயரைக் குறித்து மேடையில் குத்திக்காட்டுவதால் பிள்ளையும் போகும், தாயும் போவார்.

ஆனால் பரீட்சை முடிந்த பிறகும் வராவிட்டால் காரணம் வேறு. சபையில் அவர்களுக்கு என்ன வேலை என்று கேளுங்கள். நத்தார் நாடகம், கதிரை தூக்குதல், ஒலிவாங்கி பிடித்தல். இவ்வளவுதான் பதில் என்றால் அவர்கள் போனது நியாயம்.

1741 அளவில் லண்டனில், குருப்பட்டம் பெறாத தோமஸ் மாக்ஸ்ஃபீல்ட் என்ற இளைஞர் பிரசங்கிக்கத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டு, அதை நிறுத்த வெஸ்லி விரைந்து வந்தார். வெஸ்லியின் தாய் சுசன்னா குறுக்கே நின்றார். அவனும் உன்னைப் போலவே தேவனால் அழைக்கப்பட்டவன், முதலில் அவன் பேசுவதைக் கேள் என்றார். வெஸ்லி கேட்டார், ஒத்துக்கொண்டார். மெதடிஸ்தம் பரவியதே இப்படிப்பட்ட பிரசங்கிமாரால்தான்.

உங்கள் சேகரத்தில், அதாவது உங்கள் சபை சேர்ந்திருக்கும் சபைகளின் தொகுதியில், பிரசங்கிமார் பயிற்சி நடக்கிறதா என்று அதற்குப் பொறுப்பான முகாமைக்குருவிடம் கேளுங்கள். இருபது வயதுப் பிள்ளை ஒருவரை அதற்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள், கூடவே மூத்த பிரசங்கி ஒருவர் இருந்து அவருடைய முதல் பிரசங்கத்தைத் தயாரிக்க உதவட்டும். வகுப்பு ஒன்றுக்கு உதவித் தலைவராகவும் போடுங்கள். சபைக் கூட்டத்தில் இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர் இரண்டு பேருக்காவது வாக்கோடு இடம் கொடுங்கள். "பார்வையாளராக இருந்து பழகட்டும்" என்று சொல்லாதீர்கள்.

அறிகுறி: குருவானவர் மாறினால் எல்லாம் நின்றுபோகிறது

மெதடிஸ்தத்தில் குருமார் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒழுங்கே அதுதான். அப்படியிருக்க, ஐயா தொடங்கிய ஜெபக்குழு ஐயாவோடு போய்விடுகிறதென்றால், அந்த வேலை முதலிலிருந்தே சபையின் கையில் இருக்கவில்லை.

1814 ஜூன் 29இல் காலியில் இறங்கிய வெஸ்லியன் மிஷனரிகளில் லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம் போனார்கள். வில்லியம் ஓல்ட் தனியே மட்டக்களப்புக்குப் போய், ஒரு வருடம் நிறையமுன் 1815 ஏப்ரலில் இறந்தார். அவர் தொடங்கிய பள்ளியின் வழி வந்த மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் நடக்கிறது. அவர்களை அனுப்பி வைத்துக் கூடவே புறப்பட்ட தோமஸ் கோக் கரையையே காணவில்லை. மே மாதம் கடலில் மரித்தார். நமது சபையின் தொடக்கமே ஆள் போனபின் நடந்த வேலை.

செய்யவேண்டியது ஒன்று. எந்த ஊழியத்தையும் தொடங்கும்போதே, குரு அல்லாத இருவரை அதற்குப் பொறுப்பாக எழுதி வையுங்கள். இரண்டு பேர் கிடைக்காவிட்டால் அதை இப்போது தொடங்க வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. ஐயா மாறுகிறார், சபையின் காசையும் காரியங்களையும் பார்க்கும் உக்கிராணக்காரர் மட்டும் இருபது வருடமாக மாறவில்லை என்றால் புதிய குருவின் எந்த முயற்சியும் அந்தக் கதவில் முட்டி நிற்கும். பொறுப்புகளுக்குக் கால எல்லை வையுங்கள், விலகுகிறவருக்குச் சபை முன்னிலையில் மரியாதை செய்து நன்றி சொல்லுங்கள். பலர் பதவியை விடாததற்குக் காரணம் ஆசையல்ல, விட்டால் தன்னை மறந்துவிடுவார்கள் என்ற பயம்.

அறிகுறி: பாட்டில் உயிரில்லை

1761இல் வெஸ்லி பாடுவதற்கென்று கொடுத்த விதிகளில் ஒன்று, பாதி செத்தவர்போலவும் பாதி உறங்குகிறவர்போலவும் பாடாதீர்கள் என்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாடும் ஒவ்வொரு சொல்லிலும் தேவனை நோக்குங்கள் என்று முடித்தார்.

பெரும்பாலும் காரணம் எளிது: சத்தம் கூடிய ஒலிபெருக்கியில் நான்கு பேர் பாட, சபை கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒலியைக் குறையுங்கள். கீர்த்தனை ஒன்றையாவது வாத்தியமின்றிப் பாடுங்கள். புதுப்பாட்டை ஆராதனைக்கு முன் பத்து நிமிடம் பழக்குங்கள்.

அறிகுறி: காணிக்கை போதவில்லை, எல்லாவற்றுக்கும் வெளிநாட்டுக் காசு

கூரை திருத்தம், மதில், ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் புலம்பெயர்ந்த பழைய அங்கத்தவர்களிடம் கேட்கிறோம். அவர்கள் அன்போடு கொடுக்கிறார்கள், அதற்குத் தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் ஊரில் இருப்பவருக்கு, என் நூறு ரூபாய் இல்லாவிட்டாலும் கோயில் நடக்கும் என்ற எண்ணம் ஊறிவிடுகிறது. கட்டடம் நன்றாகி, சபை பலவீனமாவது இப்படித்தான்.

வகுப்புக் கூட்டம் பிறந்ததே கடன் பிரச்சினையில்தான். 1742 பெப்ரவரியில் பிரிஸ்டலில் கட்டடக் கடனை எப்படி அடைப்பதென்று கூடிப் பேசினார்கள். கப்டன் ஃபோய் என்பவர், ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒரு பென்னி கொடுக்கட்டும் என்றார். பலர் அதற்கும் இயலாத ஏழைகள் என்றார்கள். அப்படியானால் மிக ஏழைகளில் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், கிழமைதோறும் நான் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாவிட்டால் அவர்கள் பங்கையும் நானே கொடுக்கிறேன் என்றார். மற்றவர்களும் அப்படியே பொறுப்பெடுத்தார்கள். காசு சேர்க்கப் போனவர்கள் அந்த வீடுகளில் நடப்பதைக் கண்டு வந்து சொன்னார்கள்: இன்னார் குடிக்கிறார், இன்ன வீட்டில் சண்டை. நாம் இவ்வளவு காலம் தேடியது இதுதான் என்று வெஸ்லி உணர்ந்துகொண்டார்.

ஆகவே வரவு செலவைச் சபைக்கு முழுமையாகக் காட்டுங்கள், மாதந்தோறும், அறிவித்தல் பலகையில். உள்ளூர்க் காணிக்கையால் நடக்க வேண்டியவை எவையென்று பிரியுங்கள்: மின்சாரம், ஏழைகள் நிதி, ஓய்வுநாள் பாடசாலை, சேகரத்துக்குக் கட்டும் பங்கு. வெளிநாட்டு உதவியை இவற்றில் தொடாதீர்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுப்பவரைக் கைதட்டி வாழ்த்தும் சபை, கூலி வேலை செய்யும் ஒருவர் மாதந்தோறும் தவறாமல் வைக்கும் இருநூறையும் அதேயளவு கனம்பண்ணப் பழக வேண்டும்.

அறிகுறி: அயலில் யாருக்கும் நம்மால் ஒரு பயனும் இல்லை

சோதனை இது: நாளைக்குத் தேவாலயம் பூட்டப்பட்டால், அங்கத்தவர் அல்லாத யாருக்காவது ஏதாவது குறைவுபடுமா? பள்ளிகளால் நமக்குப் பெயர் உண்டு. ஹாட்லி, வேம்படி, மத்திய கல்லூரிகள் என்று பெருமையோடு சொல்கிறோம். அவை முன்னோரின் கனி. நம்முடையது எது?

ஒரு உதாரணம் தருகிறேன். வடக்கு கிழக்கில் நுண்கடன் கிழமைத் தவணைக்காரர் வாசலில் நிற்பதைக் காணாத தெரு குறைவு. ஒரு கடனைக் கட்ட இன்னொன்று, பிறகு தாலிக்கொடி. கட்ட முடியாத பெண்கள் பின்கதவால் போய் அயல்வீட்டில் ஒளிந்திருக்கிறார்கள். வெஸ்லி 1746இல் லண்டனில் ஏழைகளுக்குச் சிறு கடன் நிதி ஒன்று தொடங்கினார்: ஒருவருக்கு இருபது ஷில்லிங் வரை, மூன்று மாதத்தில் திருப்ப வேண்டும். அதே வருடம் இலவச மருந்து கொடுக்கும் இடமும் திறந்தார்.

நமது சபைகளில் வங்கியில் வேலை செய்தவர்கள், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு பின்னேரம் மண்டபத்தைத் திறந்து வையுங்கள். கடன் புத்தகத்தைக் கொண்டுவருகிற யாருக்கும், எந்தச் சமயத்தவருக்கும், வட்டி எவ்வளவு, மீதி எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுங்கள். இயலுமானால் வட்டியில்லாச் சிறு சுழற்சி நிதி ஒன்றை ஒழுங்கான கணக்கோடு வையுங்கள். துண்டுப்பிரசுரம் கொடுக்க வேண்டாம். யார் செய்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியும்.

அறிகுறி: இரண்டு குடும்பம் கதைப்பதில்லை, சபை இரண்டாக இருக்கிறது

இது இருக்கும்போது வகுப்பு, எழுப்புதல், புதுத் திட்டம் எதுவும் பிடிக்காது. எதைத் தொடங்கினாலும் "அவை செய்யினம், நாங்கள் ஏன் போவான்" என்று நின்றுவிடும்.

மத்தேயு 18இல் உள்ள வரிசையை மாற்றாமல் நடத்துங்கள். முதலில் இருவரும் தனியே, பிறகு இரண்டு மூன்று பேரோடு, பிறகுதான் சபை. நமது வழக்கம் தலைகீழ். முதலில் ஊருக்குத் தெரிகிறது, கடைசியில்தான் சம்பந்தப்பட்டவர் காதுக்குப் போகிறது. காணி, சீதனம், கல்லறை இடம் ஆகியவற்றில் வேர்விட்ட பகையை உள்ளூர்க்காரர் தீர்க்க முடியாது. அடுத்த சேகரத்திலிருந்து இருதரப்பும் மதிக்கும் ஒருவரைக் கேளுங்கள்.

உடன்படிக்கை ஆராதனையை இதற்குப் பயன்படுத்துங்கள். வெஸ்லி 1755இல் தொடங்கியது, நாம் வருடத்தின் முதல் ஞாயிறு செய்வது. "இனி நான் என்னுடையவனல்ல, உம்முடையவன்" என்று வாயால் சொல்வதற்கு முன், டிசம்பர் முழுவதும் வீடு வீடாகப் போய்ச் சமாதான வேலை செய்யுங்கள். யாராவது அன்று திருவிருந்துக்கு எழும்பாமல் இருந்துவிட்டால் அவரை நெருக்க வேண்டாம், அந்தக் கிழமையே வீட்டுக்குப் போங்கள்.

நீங்களே கையாளக் கூடாதவை

காசு காணாமல் போனால் உள்ளே பேசித் தீர்க்காதீர்கள். கணக்குப் புத்தகத்தையும் வங்கிக் கூற்றையும் அன்றே பாதுகாப்பாக எடுத்து வைத்து, முகாமைக்குருவுக்கு எழுத்தில் அறிவியுங்கள். முகாமைக்குருவே சம்பந்தப்பட்டிருந்தால் அவருக்கு மேலுள்ளவருக்கு எழுதுங்கள்.

ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்ததென்று தெரியவந்தால், செய்தவர் யாராக இருந்தாலும், மன்னிப்பு ஜெபமோ சமாதானக் கூட்டமோ வைக்கக்கூடாது. பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள், குற்றம் சாட்டப்பட்டவர் முன் நிறுத்தாதீர்கள். சபையின் பெயர் கெடும் என்று சொல்கிறவருக்குச் செவி கொடுக்காதீர்கள். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். சேகரத்துக்கு அறிவிப்பது அதற்குப் பிறகு.